கால் பைபாஸ் ட்ரேயில் எதற்குக் காசு போடுவது?

என்னோடு பல வருடம் ஒரே ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்ற தங்கை ஒருத்தி, இப்போது வேறொரு ஊரில் நடுத்தர மருத்துவமனை ஒன்றில் ஓ.டி. பொறுப்பில் இருக்கிறாள். போன மாதம் ஒரு ராத்திரி போன் செய்தாள். "அக்கா, எங்க சார் கால் பைபாஸ் ஆரம்பிக்கப் போறாங்க. டீலர் கொட்டேஷன் குடுத்துட்டாரு, நாலு பக்கம் இருக்கு. மேனேஜ்மென்ட் பாதிதான் சாங்ஷன் பண்ணும். எதை வெட்டுறதுன்னே தெரியல." அவளுக்கு வாட்ஸாப்பில் துண்டு துண்டாக அனுப்பியதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல தியேட்டர்களில் சிஸ்டர்களும் இளம் சர்ஜன்களும் உட்கார்ந்திருப்பார்கள். நோயாளி வீட்டாருக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

முதலில் ஒரு சொல் விஷயம். நம் ஊரில் இரத்தக் குழாய் எல்லாவற்றையும் "நரம்பு" என்றுதான் சொல்வார்கள். "கால்ல இருக்குற நரம்ப எடுத்துட்டா எப்படி நடப்பாரு சிஸ்டர்?" என்று வார்டு வாசலில் கேட்காத மனைவி இல்லை. எடுப்பது நரம்பு அல்ல, சிரை. கணுக்காலின் உள்பக்கத்திலிருந்து தொடை இடுக்குவரை தோலுக்கு அடியில் ஓடும் பெரிய சஃபீனஸ் சிரை. கால் இரத்தம் இதயத்துக்குத் திரும்ப ஆழத்தில் வேறு சிரைகள் இருப்பதால் இதை எடுத்தாலும் நடக்க முடியும். சர்க்கரையாலும் புகையாலும் தமனி அடைத்து, விரல் கறுத்து, ராத்திரியெல்லாம் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு தூங்காமல் கிடக்கிறவருக்கு, அடைப்பைத் தாண்டி இரத்தம் போக இந்தச் சிரையை மாற்றுப் பாதையாகத் தைக்கிறோம். இதுதான் கால் பைபாஸ்.

பலூன், ஸ்டென்ட் வந்த பிறகும் இது தேவையா என்று மேனேஜ்மென்ட் கேட்கும். 2022இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வைக் காட்டலாம். நல்ல சஃபீனஸ் சிரை இருந்த 1434 நோயாளிகளில், அறுவை செய்துகொண்டவர்களில் 42.6 விழுக்காட்டினருக்கும் பலூன் வழியில் போனவர்களில் 57.4 விழுக்காட்டினருக்கும் காலில் பெரிய பாதிப்போ மரணமோ நேர்ந்தது. ஆனால் அடுத்த ஆண்டே வந்த பாசில்-2 ஆய்வையும் சேர்த்தே காட்ட வேண்டும். முழங்காலுக்குக் கீழே அடைப்பு இருந்த 345 பேரில் அங்கே பலூன் பக்கம்தான் முன்னால் நின்றது. ஆகவே எல்லோருக்கும் பைபாஸ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நல்ல சிரை இருக்கிறவருக்கு, அந்தச் சிரையைக் கெடுக்காமல் தைக்கத் தெரிந்த கை இருந்தால், பைபாஸ் காலைக் காப்பாற்றும். கெடுக்காமல் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் கொட்டேஷனை நான் படிக்கிறேன்.

சிரையின் உள்சுவர் ஒரே ஒரு செல் கனமுள்ள வழவழப்பான படலம். இரத்தம் உறையாமல் ஓடுவதற்குக் காரணமே அதுதான். அது உரிந்த இடத்தில் இன்றோ, ஆறு மாதம் கழித்தோ அடைப்பு வரும். எனவே ஒரு கருவி சிரையின் உள்ளே போகிறதா, சிரையை நேரடியாகத் தொடுகிறதா, அல்லது அதைச் சுற்றி மட்டும் வேலை செய்கிறதா என்று பார். உள்ளே போவதில் சிக்கனம் பார்க்காதே. சுற்றி வேலை செய்வதில் எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வால்வை என்ன செய்வது

கொட்டேஷனில் மிகப் பெரிய கேள்வி வால்வுலோடோம், அதாவது சிரைக்குள் இருக்கும் வால்வை வெட்டும் கருவி. மற்ற முடிவுகள் பலவும் இதற்குப் பின்னால்தான் வருகின்றன.

சிரைக்குள் இரட்டை இதழ் வால்வுகள் வரிசையாக இருக்கின்றன. கீழிருந்து மேலே போகும் இரத்தத்துக்கு வழி விட்டு, கீழே இறங்க முயன்றால் மூடிக்கொள்ளும். பைபாஸிலோ இரத்தம் மேலிருந்து கீழே போக வேண்டும். வழி இரண்டு. சிரையை வெளியே எடுத்துத் தலைகீழாகத் திருப்பித் தைத்தால் வால்வு தானே வழிவிடும். திருப்பாமல் அப்படியே வைத்தால் ஒவ்வொரு வால்வையும் வெட்டியாக வேண்டும்.

திருப்பித் தைக்கும் முறை பாரிஸில் ஜான் குன்லின் 1948 ஜூன் 3 அன்று செய்த அறுவையிலிருந்து வருகிறது. கருவியே வேண்டாம் என்பது இதன் பெரிய பலம். வால்வைத் தொடுவதில்லை, சிரைக்குள் எதுவும் நுழைவதில்லை. குறை என்னவென்றால் அளவு. சிரை தொடையில் தடிமனாகவும் கணுக்காலில் மெலிந்தும் இருக்கும். திருப்பினால் மெலிந்த முனை தொடை இடுக்கின் பெரிய தமனிக்கும், தடித்த முனை கெண்டைக்காலின் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தமனிக்கும் போய்ச் சேரும். சிரை முழுவதையும் வெளியே எடுத்து, கிளைகளைக் கட்டி, பிறகு புதிதாக ஒரு சுரங்கப் பாதை போட்டு உள்ளே கொண்டுபோக வேண்டும்.

திருப்பாமல் இருந்த இடத்திலேயே விட்டுத் தைக்கும் முறையை 1962இல் ஆஸ்லோவின் கார்ல் ஹால் வெளியிட்டார். பிறகு கொஞ்ச காலம் அதைப் பெரிதாக யாரும் தொடவில்லை. 1970களின் இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் லெதரும் கார்மடியும் அதைத் திரும்பக் கையில் எடுத்தார்கள். அதற்கு உதவிய கருவி மில்ஸ் வால்வுலோடோம். நியூ ஆர்லியன்ஸில் நோயல் மில்ஸ், இதய பைபாஸுக்கு எடுக்கும் சிரையின் வால்வை வெட்ட 1970களில் செய்த கருவியை அவர்கள் காலுக்குக் கொண்டுவந்தார்கள்.

மில்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். மெல்லிய கம்பி, நுனி ஹாக்கி மட்டை மாதிரி வளைந்திருக்கும், அவ்வளவுதான். வளைவின் நுனி மழுங்கலாக இருக்கும், சுவரைக் குத்தாது. வெட்டும் கூர் வளைவின் உள்பக்கம் மட்டும். ஒரு கிளை வழியாகவோ சிரையின் திறந்த முனை வழியாகவோ நுழைத்து மேலே தள்ளும்போது வால்வு வழிவிடும். மேல் முனையிலிருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் கலந்த திரவத்தைத் தள்ளினால், அல்லது மேல் இணைப்பைத் தைத்துவிட்டுத் தமனி இரத்தத்தையே விட்டால், வால்வு மூடிக்கொண்டு சிரை அந்த இடத்தில் லேசாகப் புடைக்கும். அப்போது கருவியை மெதுவாகக் கீழே இழுக்க வேண்டும். இதழ் மாட்டும், ஒரு சிறு தடை, பிறகு விடும். சர்ஜன் அதை விரலில் உணர்வார். எதிரே நிற்கும் நமக்கோ, புடைப்பு தளர்ந்து அடுத்த வால்வுவரை இரத்தம் சிவப்பாக இறங்குவது கண்ணில் தெரியும். இதழ்கள் தோலுக்கு இணையாகப் படிந்திருக்கும் என்பதால் ஒரு தடவை கூர் தோலைப் பார்க்க, இன்னொரு தடவை எதிர்த்திசையைப் பார்க்க வெட்ட வேண்டும். பக்கவாட்டில் திருப்பினால் கிளையின் வாய் காத்துக்கொண்டிருக்கும்.

அந்த வாயில் மாட்டியதை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சர்ஜன் கை நிதானமானதுதான். வெளிச்சம் சரியில்லை, சிரை முழுதாகத் திறக்கப்படவில்லை. இழுத்ததும் வழக்கமான தடை வரவில்லை, துணி கிழிகிற மாதிரி நீளமாக ஒரு இழுப்பு வந்தது. ஒரு அங்குலத்துக்கு மேல் சிரை நீளவாக்கில் பிளந்திருந்தது. அந்தத் துண்டை வெட்டியெடுத்துவிட்டு இரண்டு முனையையும் 7-0 ப்ரோலின் நூலில் (முன் எண் கூடக் கூட நூல் மெலியும்) சேர்த்துத் தைத்தோம். அறுவை ஒன்றரை மணி நேரம் நீண்டது. கால் பிழைத்தது. அன்றிலிருந்து மில்ஸ் வெளியே வந்தால் நான் லைட்டைத் திருப்பிவிட்டுத்தான் கருவியைக் கையில் கொடுப்பேன்.

மூன்றாவது தேர்வு, விரியும் வால்வுலோடோம். மாசசூசெட்ஸின் ரத்தக்குழாய் சர்ஜன் ஜார்ஜ் லெமைத்ர் பெயரில் வருவதுதான் நமக்குப் பழக்கம். நீளமான கதீட்டர், நுனியில் விரிந்து சுருங்கும் வளையங்கள், அவற்றுக்கு நடுவே கூர்கள். மூடிய நிலையில் கீழிருந்து மேலே முழு நீளத்துக்கும் போகும். மேலே போனதும் விரித்துவிட்டு இழுத்தால், வளையங்கள் சிரையின் அகலத்துக்குத் தக்கபடி தாமே விரிந்து சுருங்கி, கூர்களைச் சுவரில் படவிடாமல் நடுவில் பிடித்துக்கொள்ளும். பழைய காலத்து நிலையான அளவுத் தலைகளில் மேலே சரியாக இருந்த தலை கீழே இறங்கும்போது மெலிந்த சிரையைக் கிழிக்கும். அந்தத் தொல்லை இதில் குறைவு. சிரை முழுவதையும் திறக்க வேண்டாம், இரண்டு முனையிலும் இரண்டு வெட்டு போதும். சர்க்கரை நோயாளியின் காலில் நீளமான காயம் ஆறாமல் சீழ் வைத்து, காப்பாற்றிய காலையே திரும்ப ஆபத்தில் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் இது ஒரு நோயாளிக்கு மட்டும் என்று செய்யப்பட்ட பொருள். ஒவ்வொரு கேஸுக்கும் புதிதாக வாங்க வேண்டும். விலையைப் பார்த்ததும் "ஈடிஓ போட்டு மறுபடி உபயோகிக்கலாமே" என்று, வாயுவால் கிருமி நீக்குவதைச் சொல்லி, யாராவது கேட்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் சண்டை போட்டாவது தடுத்துவிடு என்று தங்கையிடம் சொன்னேன். மெல்லிய குழாய்க்குள் உறைந்த இரத்தத்தை எந்த பிரஷ்ஷாலும் முழுதாக எடுக்க முடியாது. அதைவிட, கூர் மழுங்கிவிடும். மழுங்கிய கூர் இதழை வெட்டாது, பிடித்து இழுக்கும். பாதி வெட்டுப்பட்ட வால்வு, வெட்டவே படாத வால்வைவிட மோசம். மேசையில் இரத்தம் ஓடுவதாகக் காட்டிவிட்டு வார்டுக்குப் போனபின் அடைக்கும்.

இரண்டு வழியில் எது நீண்ட நாள் நிற்கும்? இருந்த இடத்திலேயே விட்டதற்கும் திருப்பித் தைத்ததற்கும் இடையே அடைக்காமல் இரத்தம் ஓடும் காலத்தில் தெளிவான வித்தியாசத்தை ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை. சிரையின் தரம்தான் முடிவு செய்கிறது. வட அமெரிக்காவில் 1404 நோயாளிகளை வைத்து நடந்த ப்ரிவென்ட்-3 ஆய்வின் தரவில், 3 மில்லிமீட்டருக்குக் குறைவான சிரைகள் 3.5க்கு மேற்பட்டவற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாகத் தோற்றன. ஆகவே ட்ரேயில் முதலில் வர வேண்டியது ஒரு மார்க்கர் பேனா. முந்தின நாள் ஸ்கேனில் சிரையைத் தொடர்ந்து பார்த்து, அகலத்தை அங்கங்கே எழுதி, தோலின் மேல் கோடு போட்டால், மறுநாள் சர்ஜன் சிரையைத் தேடி தோலைப் பிரித்துக்கொண்டு அலைய வேண்டாம். பிரித்த தோல் மடல்தான் பிறகு கறுத்து உதிர்கிறது.

என் யோசனை இது. புதிதாக ஆரம்பிக்கிற இடம் முதல் சில மாதங்களுக்குத் திருப்பித் தைக்கும் முறையோடு போகட்டும். சிரைக்குள் கூர் எதுவும் போகாது, கை பழகும். மில்ஸ் இரண்டு வாங்கி வை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், அளவு மிகவும் முரண்படுகிற கேஸில் கைகொடுக்கும். விரியும் வகையை ஸ்டாக் வைக்காதே. ஸ்கேனில் சிரை அகலமாகவும் நீளமாகவும் வந்து, பாதம்வரை பைபாஸ் போகிற திட்டம் இருந்தால், அந்த ஒரு கேஸுக்கு மட்டும் முன்கூட்டியே ஆர்டர் போடு. மிக மெலிந்த சிரையில் அதை நான் விரும்புவதில்லை. வளையங்கள் சுருங்கினாலும் உள்சுவரை உரசிக்கொண்டுதான் வரும்.

சுரங்கம் போடுவது

திருப்பித் தைப்பதைத் தேர்ந்தெடுத்தவுடன், சுரங்கம் போடும் கருவியான டன்னலர் கட்டாயமாகிவிடுகிறது. கொட்டேஷனில் இதைத்தான் மேனேஜ்மென்ட் முதலில் அடித்துவிடும். நீளமான வளைந்த கிளாம்ப் ஏற்கெனவே இருக்கிறதே, அதை வைத்துத் துளைத்து இழுக்கலாமே என்பார்கள். குட்டையான தூரத்துக்கு அது நடக்கும். தொடை இடுக்கிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை தசைகளுக்கு நடுவே போகும்போது, கிளாம்பின் பல்லில் சிரையைக் கவ்வி ஒரு முழம் இழுப்பது, நனைந்த காகிதத்தை முள்வேலி வழியாக இழுப்பது போலத்தான்.

டன்னலரிலும் இரண்டு வகை. ஒன்று, தடித்த கம்பியின் நுனியில் கிராஃப்டை, அதாவது மாற்றுப் பாதையாகும் குழாயைக் கட்டி இழுப்பது. கெல்லி-விக் இந்த ரகம். செயற்கைக் குழாய்க்கு நல்லது, அது இழுப்பைத் தாங்கும். மற்றது உள்ளே வெற்றுக் குழாய், அதற்குள் தோட்டா வடிவ நுனியுள்ள கம்பி. குழாயோடு தள்ளிக்கொண்டு போய் மறுபக்கம் வந்ததும் கம்பியை உருவிவிட்டு, வழவழப்பான குழாய்க்குள் சிரையை நழுவவிட்டு, கடைசியாகக் குழாயை மட்டும் வெளியே எடுத்துவிடலாம். சிரை தசையை உரசுவதே இல்லை. சிரைக்கு இரண்டாவது வகைதான். இரண்டு தடிமனில் வாங்கினால் பல வருடம் உழைக்கும், ஆட்டோகிளேவில் போட்டு எடுக்கலாம். நாலு பக்கத்தில் இதை மட்டும் அடிக்க விடாதே என்றேன்.

முறுக்கைப் பற்றி ஒன்று. சிரை பந்து போலப் புடைத்திருக்கும்போது அதன் மேல் மெத்திலீன் நீலத்தாலோ ஸ்டெரைல் பேனாவாலோ நீளமாக ஒரு கோடு. குழாய்க்குள் போகும் முனையில் கோடு மேலே இருந்தால், வெளியே வரும் முனையிலும் மேலேயே இருக்க வேண்டும். கோட்டில் இரண்டு முனைதான் தெரியும், நடுவில் முழுச் சுற்று சுற்றியிருந்தாலும் முனைகள் நேராகத்தான் காட்டும். அதனால் கீழ் இணைப்பைத் தைக்குமுன் மேல் கிளாம்பை ஒரு நொடி திறந்து, கீழ் முனையிலிருந்து இரத்தம் நாடியோடு பீய்ச்சி அடிக்கிறதா என்று கிண்ணத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். நான் கூட நின்ற ஒரு கேஸில் பீய்ச்சவில்லை, சொட்டியது. குழாயைத் திரும்ப விட்டு, சிரையை உருவி, ஒரு முழுச் சுற்றைப் பிரித்து, மறுபடி விட்டோம். கிளாம்ப் வைத்து இழுத்திருந்தால் அந்தச் சிரை இரண்டாவது இழுப்பைத் தாங்கியிருக்காது.

தமனியை நிறுத்துவது

தொடை இடுக்கில் பெரிய தமனிக்கு வாஸ்குலர் கிளாம்ப்தான். டிபேக்கி பல்வரிசையுள்ள வளைந்த கிளாம்ப் இரண்டு அளவில் போதும். ஆழ்தொடைத் தமனிக்கும் சிறு கிளைகளுக்கும் சிலிகான் லூப்பை இரண்டு சுற்று சுற்றி லேசாகத் தூக்கினால் நிற்கும். இங்கே பெரிய விவாதம் இல்லை.

விவாதம் கெண்டைக்காலில். சர்க்கரை நோயாளியின் கெண்டைக்கால் தமனி பல நேரம் சுண்ணாம்பு படிந்து முட்டை ஓடு போல இருக்கும். புல்டாக் என்ற சின்ன ஸ்பிரிங் கிளாம்ப் போட்டால் ஓடு நொறுங்கும், அல்லது கிளாம்ப் முழுதாக மூடாமல் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். லூப்பை இறுக்கினாலும் அதே கதை. தவிர, லூப் போட வேண்டுமானால் தமனியைச் சுற்றிலும் விடுவிக்க வேண்டும். அதன் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு துணைச் சிரைகள் ஓடும். அவற்றில் ஒன்றைக் கிழித்துவிட்டு இரத்தம் துடைத்துக்கொண்டு நின்ற நேரம் எல்லா சர்ஜனுக்கும் உண்டு.

அதற்கு மாற்று இரண்டு. ஒன்று உள்ளடைப்பான், இரண்டு பக்கமும் சிறு குமிழ் உள்ள சிலிகான் குச்சி. தமனியைத் திறந்து உள்ளே செருகினால் இரண்டு பக்கமும் அடைக்கும், கடைசித் தையலுக்கு முன் வாலைப் பிடித்து இழுத்துவிடலாம். சரியான அளவு கையில் இருக்க வேண்டும், திணிக்கக் கூடாது. இன்னொன்று, எலும்புத் தியேட்டரில் எப்போதும் இருக்கும் டூர்னிக்கே, தொடையைச் சுற்றி இறுக்கி இரத்தத்தை நிறுத்தும் காற்றுப் பட்டை. காலை உயர்த்தி, எஸ்மார்க் பட்டையால் இரத்தத்தை மேலே ஒதுக்கி, 250 முதல் 300 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு ஏற்றினால், கெண்டைக்கால் தமனியில் எதையுமே தொடாமல் உலர்ந்த இடத்தில் தைக்கலாம். முன்பக்கத்தை மட்டும் திறந்தால் போதும். டூர்னிக்கே உங்கள் மருத்துவமனையிலேயே இருக்கிறது, எலும்புப் பிரிவிடம் கேட்டு வாங்கிக்கொள் என்றேன். ஸ்டெரைல் கஃப் மட்டும் தேவைப்படலாம். ஏற்றிய நேரத்தைச் சத்தமாகச் சொல்லிப் பலகையில் எழுத வேண்டும். தொடைத் தமனியே சுண்ணாம்பாகிப் போன சிலருக்கு மட்டும் கஃப் அழுத்தாது, அங்கே உள்ளடைப்பான்தான். எனவே புல்டாக் டஜன் கணக்கில் கேட்கிற வரியைப் பாதியாக்கு. மென்மையான அழுத்தமுள்ள நாலு நல்ல புல்டாக் போதும், அவையும் முக்கியமாகச் சிரைக்கு.

ஊசி பிடிப்பது

இந்த ஒரு வரிக்காகத்தான் தங்கை எனக்கு போன் செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கொட்டேஷனில் தையல் ஊசியைப் பிடிக்கும் காஸ்ட்ரோவியெஹோ நீடில் ஹோல்டர் மூன்று விலையில் இருந்தது. கடைசி விலை முதல் விலையில் ஆறில் ஒரு பங்குதான்.

ராமோன் காஸ்ட்ரோவியெஹோ கண் மருத்துவர். கண்ணில் தைக்க அவர் வடிவமைத்த ஸ்பிரிங் கைப்பிடிதான் இன்று காலில் 7-0 தைக்கிறது. பேனா மாதிரி பிடித்து, விரல் நுனியில் உருட்டினால் ஊசி தன் வளைவிலேயே சுழன்று வெளியே வரும். மணிக்கட்டு ஆடுவதில்லை. வளையக் கைப்பிடியுள்ள ரைடர் வகையில் அந்த உருட்டல் கிடைக்காது. ஆனால் தொடை இடுக்கு ஆழமானது, அங்கே 5-0 தைக்க ரைடரின் நீளமும் பிடியும் வசதி. ஆக ஒன்றுக்குப் பதில் ஒன்றல்ல, மேலே ரைடர், கீழே காஸ்ட்ரோவியெஹோ. முழங்கால் அருகே 6-0க்கு சர்ஜன் கைப்பழக்கம் எதுவோ அது.

மலிவானதை வாங்கலாமா என்றால், வாங்குமுன் டீலரிடம் இரண்டு நாள் விட்டுவைக்கச் சொல். வாயை மூடி ட்யூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார். இரண்டு தாடைக்கு நடுவே வெளிச்சக் கீற்று தெரிந்தால் திருப்பிக் கொடு. உன் தலைமுடி ஒன்றை நுனியில் கவ்வி இழு. நழுவினால் 8-0 ஊசியும் நழுவும். பூட்டைத் திறக்கும்போது விரலில் ஒரு உதறல் வந்தால் அது ஊசி நுனியில் பத்து மடங்காக வரும், தமனிச் சுவரைக் கிழிக்கும். பூட்டு வழுக்கிக்கொண்டு திறக்க வேண்டும். நான் சோதித்தவற்றில் நடு விலையில் இருந்தது ஒன்று இந்த மூன்றிலும் தேறியது, கடைசி விலையில் ஒன்றுகூடத் தேறவில்லை. டைட்டானியம் எடை குறைவு, கை சோராது, ஆனால் கட்டாயமில்லை. இரண்டு வாங்கு. ஒன்று தரையில் விழும் நாள் வரும்.

வில்லிஸ் பாட்ஸ் பெயரில் வரும் கோணக் கத்தரிக்கோலும் இதே ரகம். தமனியில் 11ஆம் நம்பர் பிளேடால் துளை போட்டபின் வெட்டை நீட்டுவது அதுதான். நனைத்த மெல்லிய கையுறை ரப்பரை அதன் நுனியால் மட்டும் வெட்டிப் பார். நுனி மென்று துப்பினால் வேண்டாம். 45 டிகிரி ஒன்று, 60 டிகிரி ஒன்று. இவற்றால் நூல் வெட்ட யாரையும் விடாதே, சீனியர் சர்ஜனாக இருந்தாலும் சரி. டிபேக்கி ஃபோர்செப்ஸ் நாலு, மெல்லிய நுனியோடு. அதால் ப்ரோலின் நூலைப் பிடிக்கக் கூடாது என்பதைப் புது உதவியாளர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பிடித்த இடத்தில் நூல் பலவீனமாகி, முடிச்சுப் போட்டபின் அறும்.

மிச்சத்தில் சிக்கனம்

காயத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டர்கள், மெட்ஸன்பாம் கத்தரிக்கோல், மாஸ்கிட்டோ கிளாம்ப், டவல் கிளிப் எல்லாம் உள்ளூர்த் தயாரிப்பே போதும். பொது அறுவை செட்டில் இருக்கிற வைட்லானர் ரிட்ராக்டரை எடுத்துக்கொள்ளலாம். இவை சிரையைத் தொடுவதில்லை.

எண்டோஸ்கோப் வைத்து சிரையை எடுக்கும் கருவித் தொகுப்பு கொட்டேஷனிலேயே பெரிய தொகை. இதய அறுவையில் அதற்கு நல்ல பெயர். 2019இல் வந்த ரீகுரூப் ஆய்வில் 1150 நோயாளிகளிடம், திறந்து எடுத்ததற்கும் எண்டோஸ்கோப்பில் எடுத்ததற்கும் இதயப் பாதிப்புகளில் பெரிய வேறுபாடு இல்லை, காலில் காயத் தொல்லை குறைவு. கால் பைபாஸில் கதை வேறு. எண்டோஸ்கோப்பில் எடுத்த சிரைகள் சீக்கிரம் அடைத்ததாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. இங்கே சிரை நீளமாக வேண்டும், முழங்காலுக்குக் கீழே மெலிந்த பகுதியும் வேண்டும், பழகாத கை இழுக்கும். வெட்டு வெட்டாக இடைவெளி விட்டுத் திறந்து, நடுவில் தோல் பாலம் வைத்து எடுப்பது காயத்துக்கும் சிரைக்கும் நியாயமான நடுவழி. அந்தப் பெரிய வரியைக் கூசாமல் அடி.

சிரிஞ்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எடுத்த சிரையைப் புடைக்க வைத்து ஓட்டை பார்க்க 20 மில்லி சிரிஞ்சில் திரவத்தைத் தள்ளுகிறோம். கட்டைவிரல் தரும் அழுத்தம் உடலில் எந்தச் சிரையும், பல தமனிகளும் பார்த்திராத அழுத்தம். சுருங்கிய சிரையைப் பிடிவாதமாக ஊதி விரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷமே உள்படலம் உரிகிறது. மெதுவாக, ஓட்டை தெரியும்வரை மட்டும். சுருக்கம் விடவில்லையென்றால் சுருக்கத்தைத் தளர்த்தும் பாப்பாவரின் மருந்தில் ஐந்து நிமிடம் ஊறவிடு. ஊறவைக்கும் திரவமும் வெறும் சலைன் வேண்டாம். இதய பைபாஸ் நோயாளிகளின் ப்ரிவென்ட்-4 தரவில், அமிலத்தன்மை சமன்செய்த திரவத்தில் வைத்த சிரைகள் சலைனில் வைத்தவற்றைவிடக் குறைவாக அடைத்தன. இதற்கு ஆகும் செலவு ஒரு புல்டாக் விலைகூட வராது.

கடைசி வரி டாப்ளர், இரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும் கருவி. ஃப்ளோ மீட்டர் வேண்டும் என்று கேட்பார்கள். நிமிடத்துக்கு எத்தனை மில்லி என்று எண்ணாகக் காட்டுவது நல்லதுதான். சி-ஆர்ம் (தியேட்டருக்குள் நகர்த்தும் எக்ஸ்ரே கருவி) இருந்தால் கடைசியாக ஒரு ஆஞ்சியோ படமும் எடுக்கலாம், ஏற்கெனவே இருப்பதால் புதுச் செலவில்லை. முதல் வருடத்துக்கு 8 மெகாஹெர்ட்ஸ் பென்சில் ப்ரோப் உள்ள கைடாப்ளர் ஒன்று போதும் என்பது என் கருத்து. கிளாம்ப் எல்லாம் எடுத்தபின் கீழ்த் தமனியில் ப்ரோபை வைத்துக் கேட்க வேண்டும். சத்தம் கேட்டதும் சந்தோஷப்பட்டு நிறுத்தக் கூடாது, கிராஃப்டை விரலால் ஒரு நொடி அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தும்போது சத்தம் மங்கி, விட்டதும் திரும்ப எழும்பினால்தான் அந்த இரத்தம் நாம் தைத்த பாதையில் வருகிறது. சிரையை இருந்த இடத்திலேயே விட்ட கேஸில் இன்னொரு வேலையும் இந்தக் குச்சிக்கு உண்டு. கீழ் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ப்ரோபை மேலிருந்து நகர்த்தினால், கட்டாமல் விட்ட கிளை இருக்கிற இடம்வரை இரைச்சல் கேட்கும், அதைத் தாண்டினால் நின்றுவிடும். நின்ற இடத்தில் தோலில் சின்ன வெட்டு, ஒரு 4-0 சில்க் கட்டு.

ப்ரோபை ஆட்டோகிளேவில் போட முடியாது. ஸ்டெரைல் கவரும் ஸ்டெரைல் ஜெல் பாக்கெட்டும் தனியாக எழுதிக் கேள், டீலர் அதைக் கொட்டேஷனில் போட்டிருக்க மாட்டார்.